கடலை நீலமாக்கும் புல்லும் அதன்மேல் விழும் நங்கூரமும்

படகின் முன்முனையில் நின்று குனிந்து பார்த்தால் ஃபோர்மென்தேராவின் கடல் இரண்டு நிறமாகத் தெரியும். சில இடங்களில் வெளிறிய பச்சைநீலம், அடியில் வெள்ளை ஓடு பதித்த நீச்சல்குளம் போல. அதை ஒட்டியே, கோடு கிழித்த மாதிரி, கருநீலத் திட்டுகள். வெளிறிய இடம் மணல், கருத்த இடம் புல். நங்கூரம் போட வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: வெளிர்நிறத்தில் போடலாம், கருநிறத்தில் போடக் கூடாது. சின்னப் பிள்ளைகூட ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம். ஆனால் இதை நடைமுறைக்குக் கொண்டுவர அரசாணை, ரோந்துப் படகுகள், கடலடி வரைபடம், மிதவைகள், அபராதம் என்று எல்லாம் தேவைப்பட்டிருக்கிறது. அப்படியும் வேலை முடிந்தபாடில்லை.

ஸ்பெயினின் கிழக்கே மத்தியதரைக் கடலில் இருப்பவை பலேரிக் தீவுகள். மயோர்கா, மெனோர்கா, இபிசா, ஃபோர்மென்தேரா என்று மக்கள் வாழும் பெரிய தீவுகள் நான்கு. அவற்றில் கடைக்குட்டி ஃபோர்மென்தேரா. பரப்பு 83 சதுர கிலோமீட்டர், மக்கள் 12 ஆயிரம் பேர் அளவில். விமான நிலையம் கிடையாது. இபிசாவில் இறங்கி, அங்கிருந்து அரைமணி நேரம் படகில் போக வேண்டும். பலேரிக் தீவுகள் முழுவதற்கும் 2024-இல் வந்த சுற்றுலாப் பயணிகள் சுமார் 1 கோடியே 87 லட்சம். அங்கே குடியிருப்பவர்கள் 12 லட்சம் சொச்சம். தலைக்குப் பதினைந்து விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி கோடையின் நான்கைந்து மாதங்களுக்குள் வந்து போகிறது.

அவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? கண்ணாடி போன்ற நீர், வெள்ளை மணல், கரையோர ஆழமில்லாக் கடல். ஃபோர்மென்தேராவின் வடமுனையில் இருக்கும் செஸ் இயெத்தெஸ் கடற்கரையின் படத்தைப் பார்த்தவர்கள் கரீபியன் கடல் என்றே நினைத்துக்கொள்வார்கள். இந்த நீரும் மணலும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. இவற்றை உண்டாக்குவது பொசிடோனியா என்ற கடற்புல். கிரேக்கர்களின் கடல் தெய்வம் பொசைடனின் பெயர் அதற்கு. இங்கே வளரும் அதன் இனம் மத்தியதரைக் கடலில் மட்டுமே உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது கடற்பாசி இல்லை. வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் உள்ள முழுத் தாவரம். இதன் மூதாதைகள் தரையில் வளர்ந்தவை. நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப்போன திமிங்கிலத்தின் கதைதான் இதற்கும். இதன் காய் பார்க்க ஆலிவ் போலிருக்கும், உதிர்ந்து மிதந்து கரை ஒதுங்கும். பாக் நீரிணையில் கடல்பசு மேய்கிற புல்லைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அதன் தூரத்து உறவு என்று சொல்லிவிடலாம். இபிசா, ஃபோர்மென்தேரா மக்களோ தங்கள் பேச்சில் இதைப் பாசி என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியவில்லை. பாசி என்றால் வழுக்கும், நாறும், வழித்து எறிய வேண்டியது. புல்வெளி என்றால் யாரும் அப்படி நினைப்பதில்லை.

சரி, புல் எப்படிக் கடலை நீலமாக்குகிறது? இதன் இலைகள் நாடா போல ஒரு மீட்டர் வரைகூட நீளும். அடர்ந்து வளர்ந்த புல்வெளிக்குள் நுழையும் நீரோட்டம் வேகம் குறைந்துபோகிறது. வேகம் குறைந்ததும் கலங்கல் அடியில் படிகிறது, படிந்ததை வேர்கள் பிடித்துக்கொள்கின்றன. மேலே இருப்பது தெளிந்த நீர். வண்டல் கொண்டுவர ஆறு எதுவும் ஃபோர்மென்தேராவில் கிடையாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. அப்புறம் மணல். இலைகளின்மேல் சுண்ணாம்பு ஓடுடைய நுண்ணுயிர்களும், ஓடு கட்டும் பாசிகளும், சிறு சிப்பிகளும் ஒட்டி வாழ்கின்றன. அவை சாகும்போது ஓடுகள் நொறுங்கி, அலையில் அரைபட்டுக் கரை சேர்கின்றன. அந்த வெள்ளை மணலில் கணிசமான பகுதி ஒருகாலத்தில் இந்தப் புல்லின்மேல் குடியிருந்த உயிர்களின் எலும்பு என்று சொன்னால் மிகையில்லை.

இலையுதிர்காலத்தில் பழைய இலைகள் உதிர்கின்றன. குளிர்காலப் புயல்கள் அவற்றைக் கரையில் கொண்டுவந்து குவிக்கின்றன. ஒரு மீட்டர், சில இடங்களில் அதைவிட உயரமாகவும் பழுப்பு மேடுகள் எழும்பும். அடுத்த புயலின் அலை மணலை அடிக்காமல் இந்த மேட்டில் மோதிப் போகும். ஆக, தெளிந்த நீர், வெள்ளை மணல், அரிக்கப்படாத கரை என்று பயணி படம் எடுக்கும் மூன்றும் ஒரே தொழிலாளியின் உழைப்பு. வருகிறவர்கள் அந்த வேலையைப் பார்க்கத்தான் காசு கொடுக்கிறார்கள். நங்கூரத்தை மட்டும் அந்தத் தொழிலாளியின் தலைமேல் போடுகிறார்கள்.

ஃபோர்மென்தேராவைச் சுற்றியுள்ள புல்வெளியின் பரப்பு சுமார் 7.6 கோடி சதுர மீட்டர் என்பது தீவு நிர்வாகம் சொல்லும் கணக்கு. அதாவது 76 சதுர கிலோமீட்டர். தீவின் நிலப்பரப்பு 83. நீருக்கு மேலே ஒரு ஃபோர்மென்தேரா, கீழே ஏறக்குறைய அதே அளவில் இன்னொன்று.

இந்தக் கீழ்த்தீவின் வேகம் நம் வேகம் அல்ல. மஞ்சளும் இஞ்சியும் போல மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு இதற்கு. பக்கவாட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் ஊரும். மேல்நோக்கி ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் போல. வேரும் தண்டும் பிடித்துவைத்த மண்ணும் பின்னிப் பின்னி நூற்றாண்டுகளாகப் பாய்போல் தடித்துக்கொண்டே வந்திருக்கின்றன. பல இடங்களில் அந்தப் பாயின் கனம் பல மீட்டர். காற்றிலிருந்து கடல் உறிஞ்சிய கார்பன் அதற்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது.

இபிசாவுக்கும் ஃபோர்மென்தேராவுக்கும் இடைப்பட்ட கடலில் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே செடியின் நகல்கள் பரவியிருப்பதை மரபணுச் சோதனையில் 2006-இல் கண்டுபிடித்தார்கள். விதையில் முளைத்த வேறுவேறு செடிகள் அல்ல. அருகம்புல் மாதிரி ஒரே செடி ஊர்ந்துகொண்டே போனது. அதன் வயது ஒரு லட்சம் ஆண்டு, உலகத்திலேயே மூத்த உயிர் என்று சுற்றுலாத் துண்டறிக்கைகளில் வருகிறது. இதை நான் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் எடுத்துக்கொள்வேன். ஆண்டுக்கு இத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தால் இவ்வளவு தூரம் போக எத்தனை ஆண்டு என்று வகுத்துக் கிடைத்த எண் அது. 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடந்தது. அந்தப் புல் இன்றிருக்கும் இடம் அன்று கட்டாந்தரை. செடி வேறெங்கோ பிறந்து கடலோடு சேர்ந்து ஏறி வந்திருக்கலாம், துண்டுகள் மிதந்துபோய் ஊன்றியும் இருக்கலாம். பல ஆயிரம் ஆண்டு என்று சொன்னால் போதும், லட்சம் வேண்டியதில்லை. நங்கூரத்தின் முன்னால் இரண்டும் ஒன்றுதான்.

அந்த நங்கூரத்தை இப்போது கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு படகு நிற்கிறது. நங்கூரம் பிடிக்க வேண்டுமானால் சங்கிலியை ஆழத்தைப்போல மூன்று நான்கு மடங்கு இறக்க வேண்டும். அதாவது முப்பது மீட்டர் அளவு. அதில் பெரும்பகுதி கடலடியில் கிடக்கிறது. காலையில் ஒரு பக்கமிருந்து காற்று, மதியம் கடல்காற்று, இரவில் கரைக்காற்று. காற்று திரும்பத் திரும்பப் படகும் திரும்புகிறது. அடியில் கிடக்கும் சங்கிலி கடிகார முள்போலச் சுற்றி, இலைகளை அரிவாளாக அறுத்துக்கொண்டு போகிறது. கிளம்பும்போது நங்கூரத்தை மோட்டார் இழுக்கிறது. கொக்கியில் மாட்டிய பாய் வேரோடு பெயர்ந்து வருகிறது. மேலே வந்தபின் நங்கூரத்தில் தொங்கும் கொத்தை ஆள் காலால் தள்ளிக் கடலில் விடுவார். அவ்வளவுதான் நடந்தது என்று தோன்றும்.

கீழே ஒரு மீட்டர் அகலத்துக்குக் குழி. இரண்டு பக்கமிருந்தும் தண்டு ஆண்டுக்கு இரண்டிரண்டு சென்டிமீட்டர் ஊர்ந்து வந்தாலும் அது மூட 25 ஆண்டு ஆகும். அதற்குள் இன்னொரு படகு வராமல் இருக்க வேண்டும். நீரோட்டம் குழியின் ஓரத்தை அரித்துப் பெரிதாக்காமலும் இருக்க வேண்டும். ஒரு மதியச் சாப்பாட்டுக்கு நின்ற படகின் தடம் மறைய ஒரு தலைமுறை.

வெளிர்நிறத்தில் போட்டால் இந்த வம்பே இல்லையே என்று கேட்கலாம். ஆகஸ்ட் மாதத்தில் நல்ல மணல் திட்டுகள் காலையிலேயே நிரம்பிவிடும். பதினொரு மணிக்கு வருகிறவருக்கு மிச்சம் இருப்பது ஓரம். நங்கூரம் மணலில்தான் விழுகிறது, படமும் எடுத்துக் காட்டலாம். பிற்பகலில் காற்று மாறும்போது சங்கிலி புல்லுக்குள் போய்விடுகிறது. நாள் வாடகைக்குப் படகு எடுத்தவர்களில் பலருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. கப்பல் அளவுக்குப் பெரிய உல்லாசப் படகுகளின் கதை வேறு. அவற்றின் மாலுமிகளுக்கு எல்லாம் தெரியும், கடலடி வரைபடமும் கையில் இருக்கும். ஆனால் அந்த நீளச் சங்கிலிக்குப் போதுமான மணல் திட்டு கரையருகே அநேகமாக இருக்காது. அவர்களின் நங்கூரம் ஒன்றே டன் கணக்கில் எடை. முதலாளியோ செஸ் இயெத்தெஸுக்கு எதிரே நிற்க வேண்டும் என்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழிடப் பாதுகாப்பு நெறிமுறை பொசிடோனியா புல்வெளிகளை முன்னுரிமை வாழிடங்களின் பட்டியலில் வைத்தது. இபிசாவையும் அதைச் சூழ்ந்த புல்வெளிகளையும் 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இரண்டு தீவுகளின் உப்பளங்களையும் இடைப்பட்ட கடலையும் சேர்த்து 2001-இல் செஸ் சலீனெஸ் இயற்கைப் பூங்கா வந்தது. இவ்வளவும் இருந்தும், ஒரு படகோட்டியிடம் போய் நங்கூரத்தை எடு என்று சொல்லத் தெளிவான விதி வேண்டுமே? அது 2018 ஜூலையில்தான் வந்தது. பலேரிக் அரசின் 25/2018 எண்ணுள்ள ஆணை புல்லின்மேல் நங்கூரமிடுவதைத் தீவுகள் முழுவதும் தடை செய்தது. எங்கே புல், எங்கே மணல் என்று காட்டும் வரைபடத்தைப் பொதுவில் வைத்தது. கோடையில் சிறு ரோந்துப் படகுகள் சுற்றிவந்து, அடியில் கண்ணாடி பதித்த பார்வைக்குழாய் வழியாகக் கீழே பார்த்து, தப்பான இடத்தில் நிற்பவர்களை நகரச் சொல்கின்றன.

இந்த ரோந்துப் படகுகள்தான் இந்த ஆணையின் உயிர் என்று எனக்குப் படுகிறது. பேசுகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. பத்து மீட்டர் அந்தப் பக்கம் நகர்ந்தால் மணல் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறார்கள். பாதிப்பேர் தெரியாமல் செய்கிற தப்புக்கு அபராதச் சீட்டைவிட இது நன்றாக வேலை செய்கிறது. தெரிந்தே செய்கிறவர்களுக்குச் சீட்டு வேண்டியதுதான். ஆனால் பல கோடி யூரோ பெறுமான படகுக்கு அபராதத் தொகை எரிபொருள் செலவோடு சேர்ந்துபோகிற சில்லறை. பிரான்ஸ் இதை வேறு முனையில் பிடித்தது. 2019-இல் அதன் மத்தியதரைக் கடல் நிர்வாகம், 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகள் கடற்புல்லுக்குச் சேதம் வரும் இடங்களில் நங்கூரமிடவே கூடாது என்ற அடிப்படை விதியைப் போட்டது. பிறகு பகுதி பகுதியாக எல்லை குறித்தார்கள். பெரியதை முதலில் பிடி என்ற கணக்கு. சேதத்தின் அளவைப் பார்த்தால் அது நியாயமான கணக்குத்தான்.

நங்கூரத்துக்கு மாற்று மிதவை. கடலடியில் ஒரு தடவை மட்டும் உறுதியான பிடிமானம் அமைத்துவிட்டு, வருகிற படகுகளை எல்லாம் மிதவையில் கட்டிக்கொள்ளச் சொல்வது. பழைய முறையில் பிடிமானம் என்பது கான்கிரீட் கட்டை. அதுவும் புல்லைச் சாகடிக்கும். இப்போது புல்வெளிகளில் போடுவது நீண்ட திருகு. புல் பாய்க்குள் திருகி இறக்கிவிட்டால் அது எடுக்கும் இடம் கையகலம்தான். கயிற்றின் நடுவில் இன்னொரு சிறு மிதவையைக் கட்டிவிட்டால் கயிறும் தரையில் உரசாது. படகு திரும்பினால் திரும்பட்டும், கீழே யாருக்கும் தொந்தரவில்லை. ஃபோர்மென்தேராவுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் எஸ்பால்மதோர் என்ற சின்னத் தீவுப் பக்கம் இப்படிப்பட்ட மிதவைகள் இருக்கின்றன, முன்பதிவு செய்து கட்டணம் கட்டி நிற்கலாம். குறை என்ன? எண்ணிக்கை. மிதவை நிறைந்ததும் வருகிறவர் திரும்பிப் போவதில்லை, பக்கத்தில் நங்கூரம் போடுகிறார். மிதவை என்பது பேருந்தில் இருக்கை மாதிரி. நின்றுகொண்டு பயணிக்கலாம் என்று விட்டுவிட்டால் இருக்கை எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

பணம் எங்கிருந்து வருவது என்பது தனிக் கதை. பலேரிக் அரசு 2002-இல் சுற்றுச்சூழல் வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. விடுதியில் தங்குகிறவர் இரவுக்குச் சுமார் ஒரு யூரோ கட்ட வேண்டும். விடுதி முதலாளிகள் கொதித்தார்கள். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியது, 2003-இல் வரி போய்ச் சேர்ந்தது. மறுபடியும் ஆட்சி மாறி, 2016 ஜூலையில் வேறு பெயரில் திரும்பி வந்தது, 2018-இல் இரட்டிப்பானது. பெரிய நட்சத்திர விடுதிகளில் கோடை இரவுக்கு 4 யூரோ வரை. பயணிகள் வராமல் போய்விடுவார்கள் என்று பயமுறுத்தியவர்கள் அதன்பிறகு வந்த கூட்டத்தைப் பார்த்துப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கூட்டத்தைக் குறைக்க வந்த வரி என்று இதை நினைப்பவர்களுக்கும் ஏமாற்றம்தான். விமானச் சீட்டும் அறை வாடகையும் கொடுத்து வருகிறவர் 4 யூரோவுக்காகப் பயணத்தை ரத்து செய்ய மாட்டார். வரி என்பது பராமரிப்புக்கான உண்டியல். கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட வேண்டும்.

அதையும் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2017 சட்டம் தீவுகள் முழுவதற்குமான சுற்றுலாப் படுக்கைகளை 6 லட்சத்து 23 ஆயிரத்துச் சொச்சத்தோடு நிறுத்தியது. ஃபோர்மென்தேரா 2019 முதல் கோடையில் தீவுக்குள் வரும் கார், இருசக்கர வாகனங்களுக்கு வரம்பு வைத்தது. வெளியார் வண்டி கொண்டுவர முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சாலையில் எண்ணுவது சுலபம், படகுத்துறையில் ஒரே வாசல். ஆனால் கடலில் வாசல் கிடையாது. இபிசாவின் துறைகளிலிருந்து காலையில் கிளம்பி, ஃபோர்மென்தேராவில் காலே வைக்காமல், நாள் முழுக்க அதன் கரையில் நின்றுவிட்டு மாலையில் திரும்பும் படகு எந்தப் படுக்கைக் கணக்கிலும் ஃபோர்மென்தேரா பெயரில் வருவதில்லை, எந்த வண்டிக் கணக்கிலும் வருவதில்லை. புல்லுக்கு நேரடியாகக் காயம் செய்வது பெரும்பாலும் அந்தப் படகுதான்.

2017-இல் தீவு நிர்வாகம் இன்னொன்றையும் தொடங்கியது. ஒரு யூரோ கொடுத்தால் ஒரு சதுர மீட்டர் புல்வெளியைத் தத்தெடுக்கலாம். விழிப்புணர்வுக்கு நல்ல உத்தி. தன் பெயரில் ஒரு சதுர மீட்டர் இருப்பவர் அடுத்த முறை கீழே பார்த்து நங்கூரம் போடுவார். ஆனால் அந்த விலைதான் உறுத்துகிறது. பல்லாயிரம் ஆண்டு வளர்ந்ததற்கு ஒரு காப்பியைவிடக் குறைந்த விலை என்று மனத்தில் பதிந்துவிட்டால், பிடுங்கினால் ஒரு யூரோ கொடுத்துவிடலாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா?

கொஞ்சம் தள்ளி மயோர்காவுக்குத் தெற்கே காப்ரேரா. 1991 முதல் தேசியப் பூங்கா. 2019-இல் அதன் எல்லையைச் சுமார் 10 ஆயிரம் ஹெக்டேரிலிருந்து 90,800 ஹெக்டேராக விரித்தார்கள். அதில் பெரும்பகுதி கடல். அங்கே தனியார் படகு இரவு நிற்க வேண்டுமானால் முன்கூட்டி அனுமதி வாங்கி, துறையில் இருக்கும் ஐம்பது போல மிதவைகளில் ஒன்றில் கட்ட வேண்டும். மிதவை இல்லையென்றால் வர வேண்டாம். நின்றுகொண்டு பயணம் கிடையாது. காப்ரேராவில் இது முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஊரே இல்லை. 1916-இல் ஸ்பெயின் ராணுவம் அந்தத் தீவைக் கையகப்படுத்தியது. மற்ற தீவுகளில் விடுதிகள் எழும்பிய காலம் முழுவதும் அங்கே சிப்பாய்கள் பீரங்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பீரங்கி காப்பாற்றிய தீவு என்றால் சிரிப்பு வரும், உண்மை அதுதான்.

பிரான்சின் தெற்குக் கரையில் போர்-க்ரோ தீவும் இப்படித்தான். தனியார் கையில் இருந்த அந்தத் தீவை உரிமையாளர்கள் அரசுக்குக் கொடுக்க, 1963-இல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து தேசியப் பூங்காவாக்கினார்கள். ஐரோப்பாவில் கடலையும் காக்கும் பூங்காக்களில் முன்னோடி அது. ஈட்டி வைத்து மீன் குத்துவதைத் தடுத்தார்கள். அருகிப்போயிருந்த பெரிய களவா மீன்கள் நூற்றுக்கணக்கில் திரும்பி வந்தன. பக்கத்துத் தீவு போர்க்ரோலின் பெரும்பகுதியை அரசு 1971-இல் விலைக்கு வாங்கியது. அங்கே 2021 முதல் கோடையில் பயணிகள் படகில் வருவோர் நாளைக்கு 6,000 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு. படகு நிறுவனங்களோடு பேசி முடித்த ஏற்பாடு அது. பெரும்பாலும் ஒருசில துறைகளிலிருந்தே ஆட்கள் வருவதால் எண்ண முடிகிறது.

மூன்று தீவிலும் பொதுவாக ஒன்று தெரிகிறது. நிலம் அரசின் கையில், குடியிருப்போர் சிலர், அல்லது யாருமே இல்லை. ஃபோர்மென்தேராவில் 12 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் உணவகம் வைத்திருப்பவரின் மதிய வியாபாரம் அந்தப் படகுகளை நம்பித்தான். மேசையைப் பதிவு செய்துவிட்டு உணவகத்துக்கு எதிரே நிற்கும் படகை, அதே ஊர்க்காரர் ரோந்தில் வந்து நகரச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலைக்கு வரும் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் கோடையில் வாடகை வீடு கிடைக்காத தீவு அது. வீடுகள் எல்லாம் பயணிகளுக்கு. இந்த இழுபறிக்குள் நின்று ஒரு ஊர் தன் கடலுக்கு வேலி போடுவது, ஆளில்லாத காப்ரேராவில் போடுவதைவிட எவ்வளவோ கஷ்டம். அதனால்தான் ஃபோர்மென்தேரா அரைகுறையாகச் செய்ததைக்கூட நான் காப்ரேராவின் முழு வெற்றியைவிடக் கூர்ந்து பார்க்கிறேன். உலகத்தில் காப்ரேராக்கள் குறைவு.

நங்கூரம் கண்ணுக்குத் தெரிகிற எதிரி. தெரியாதவை குழாய் வழியாக வருகின்றன. ஆறில்லாத தீவுக்குக் குடிநீர் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் கிடைக்கிறது. சுத்திகரித்தபின் மிஞ்சும் கடும் உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது. பொசிடோனியா உப்பு கூடினால் தாங்காத செடி. கழிவுநீர் கூடும்போது நீர் கலங்கி வெளிச்சம் குறைகிறது, இலைகளின்மேல் பாசி அப்புகிறது. ஒவ்வொரு கூடுதல் படுக்கையும் ஒரு கூடுதல் குளியல், ஒரு கூடுதல் கழிவறை. உல்லாசப் படகு எடுக்காமல், கடலில் இறங்காமல் குளத்தோரம் படுத்திருந்துவிட்டுப் போகிற பயணியும் புல்லைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்.

இவற்றுக்கெல்லாம் மேலே வெப்பம். ஒரு நங்கூரம்கூட விழாத காப்ரேராவின் புல்வெளிகளில் 2000-களின் முதல் பாதியில் ஆண்டுதோறும் தண்டுகளை எண்ணிவந்த ஆய்வாளர்கள், கோடை நீரின் சூடு 28 டிகிரியைத் தாண்டிய ஆண்டுகளில் சாவு எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தார்கள். 2024 ஆகஸ்டில் மயோர்காவின் மேற்கு முனையில் இருக்கும் அளவீட்டு மிதவையில் மேற்பரப்பு நீர் 31 டிகிரியைத் தாண்டியது. அப்படியானால் மிதவையும் ரோந்தும் வீண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. காய்ச்சலில் கிடப்பவரை அடிக்கவும் செய்யலாம் என்பது போன்ற வாதம் அது. சூட்டில் செத்த திட்டைச் சுற்றியுள்ள புல் முழுசாக இருந்தால்தான் ஊர்ந்து வந்து மூட முடியும். மயோர்காவின் வடக்கே போயென்சா விரிகுடாவில் புயலில் பெயர்ந்த துண்டுகளையும் விதைகளையும் எடுத்து இரண்டு ஹெக்டேரில் நட்டுப் பார்த்தார்கள். கடலடியில் மின்கம்பி பதிக்கிற நிறுவனத்தின் ஏற்பாடு. நட்டவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. முக்குளிப்பவர் ஒவ்வொரு நாற்றாகக் கையால் ஊன்ற வேண்டும். நாற்று நடுவது தெரிந்தவர்களுக்கு அந்த வேலையின் அளவு புரியும், அதுவும் மூச்சுக் குழாயோடு.

கரை ஒதுங்கும் இலைக்கு வருவோம். தீவுக்காரர்கள் அதைக் குப்பையாக நினைக்காத காலம் ஒன்று இருந்தது. இபிசா, ஃபோர்மென்தேராவின் பழைய வீடுகளில் சவீனா மர உத்தரங்களின்மேல் பலகை, அதன்மேல் காய்ந்த பொசிடோனியா, அப்புறம் கரி, மேலே களிமண் என்று கூரை போட்டார்கள். கோடைச் சூடு இறங்காது, குளிரும் ஏறாது. உப்பு ஊறிய இலையாதலால் பூச்சி அண்டாது. தொழுவத்திலும் விரித்தார்கள். நம் ஊரில் பனையோலையும் வைக்கோலும் செய்த வேலை. பிறகு கான்கிரீட் வந்தது, வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சுப்பாளம் வந்தது, இலை நாற ஆரம்பித்தது.

2017 வாக்கில் பலேரிக் அரசின் வீட்டுவசதி நிறுவனம் ஃபோர்மென்தேராவின் சான் ஃபெரான் ஊரில் 14 வாடகை வீடுகளைக் கட்டியபோது இந்தப் பழைய அறிவைத் திரும்ப எடுத்தது. கரையில் ஒதுங்கிய இலையை அள்ளி, வெயிலில் பரப்பிக் காயவைத்து, கூரையில் வெப்பத் தடுப்பாக அடைத்தார்கள். தொலைதூரத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் பணத்தை உள்ளூரில் இலை காயவைக்கிற ஆளுக்குக் கொடுக்கலாமே என்பது அவர்களின் யோசனை. கட்டடக்கலைக்காரர்கள் அந்த வீடுகளைக் கொண்டாடினார்கள். பதினான்கு வீட்டால் தீவின் வீட்டுப் பஞ்சம் தீராது. ஆனாலும் பயணிகளுக்காக அல்லாமல் ஊர்க்காரர்களுக்காகக் கட்டிய வீட்டின் கூரையில் அந்தப் புல் போய்ச் சேர்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

கரையில் மீதி இலைமேடு என்ன ஆகிறது? மே மாதம் விடுதிக்காரர்களின் நச்சரிப்பு தொடங்கும். விருந்தாளிகள் படத்தில் பார்த்த வெள்ளை மணலைக் கேட்கிறார்கள், அங்கே பழுப்பு மேடு ஈக்களோடு இருக்கிறது. முன்பெல்லாம் புல்டோசர் வந்து வழித்துக்கொண்டு போகும், இலையோடு மணலும் லாரி லாரியாகப் போகும். அடுத்த குளிர்காலப் புயலில் கரை குறுகும். அப்புறம் மணல் போதவில்லை என்று புகார் வரும். இப்போது எப்போது, எந்தக் கருவியால், எவ்வளவு அள்ளலாம் என்பதற்கு விதி இருக்கிறது. இபிசாவின் சில கடற்கரைகளில் கோடைக்கு முன் அள்ளிய இலையை வேறிடத்தில் குவித்துவைத்து, இலையுதிர்காலத்தில் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து மணல்மேல் கொட்டுகிறார்கள். கடைசிப் பயணி விமானம் ஏறியபிறகு, நாற்காலிகளும் குடைகளும் உள்ளே போனபிறகு, முதல் புயலுக்கு முன்னால் அந்த வேலை நடந்து முடிந்துவிடும்.